கார் ஏறிய மண்மேடு

கேம்டன் டிரைவ்-இன் தியேட்டர் 1933 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை இரவு திறக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேம்டன் நகரம் முடிந்து பென்சாக்கன் தொடங்கும் சாலையோரத்தில் அது இருந்தது. 400 கார்கள் நிற்க இடம். எதிரே 50 அடி அகலமும் 40 அடி உயரமும் கொண்ட திரை. திறந்தவெளியில் படம் காட்டுவது அதற்கு முன்பும் இருந்தது. நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் ஊரில் 1915லேயே ஒரு திறந்தவெளி அரங்கு, நாற்காலிகளோடு சில கார்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் காரிலிருந்தே படம் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டி, அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கிய முதல் தியேட்டர் கேம்டனில் இருந்ததுதான். மூன்று கோடைகளுக்கு மேல் அது நிலைக்கவில்லை. அதைப் பார்த்துக் கட்டப்பட்டவை கால் நூற்றாண்டில் நாலாயிரத்தைத் தாண்டின. அடுத்த சில பத்தாண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை இல்லாமற்போயின. சினிமா வரலாறு இதைக் காரின் கதையாகவும் காதலர்களின் கதையாகவும் சொல்லிவந்திருக்கிறது. அடிப்படையில் இது நிலத்தின் கதை.

கேம்டன் டெலவேர் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் பிலடெல்பியா. கேம்பெல் சூப் ஆலை, ஆர்.சி.ஏ. விக்டரின் இசைத்தட்டு மற்றும் வானொலித் தொழிற்சாலை, நியூயார்க் ஷிப்பில்டிங் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது உழைப்பாளர்களின் ஊர். 1926 ஜூலையில் ஆற்றின் குறுக்கே பெரிய தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகில் ஏறி இறங்கிய கார்கள் நேரே கேம்டனுக்குள் வந்து விழுந்தன. அவற்றை ஊரின் நெரிசலில் சிக்காமல் வெளியே கொண்டுபோகப் போடப்பட்ட அகலச் சாலைதான் அட்மிரல் வில்சன் பூல்வார்டு. பிலடெல்பியாவிலிருந்து கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். சாலை வந்துவிட்டது, அதன் இருபுறமும் ஊர் இன்னும் வந்து சேரவில்லை. பெட்ரோல் நிலையங்களும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தன. இடையில் காலி நிலம் நிறையக் கிடந்தது.

அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். 1900இல் பிறந்தவர். அவருடைய தந்தையின் நிறுவனம் கேம்டனில் ‘விஸ்’ என்ற பெயரில் கார் பாலிஷ், கிரீஸ் போன்ற பராமரிப்புப் பொருட்களைத் தயாரித்து விற்றது. மகனும் அதில்தான் வேலை பார்த்தார். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. நாட்டில் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கையில் காசு குறையும்போது மக்கள் எதை முதலில் விடுவார்கள், எதைக் கடைசிவரை விடமாட்டார்கள் என்று ஹாலிங்ஸ்ஹெட் கணக்குப் போட்டதாகச் சொல்லப்படுகிறது. சோறு, துணி, கார், சினிமா என்று வரிசை வந்தது. சோற்றையும் துணியையும் விற்க ஆயிரம் பேர் இருந்தார்கள். காரையும் சினிமாவையும் சேர்த்து விற்க எவரும் இல்லை.

முதலில் அவர் மனத்தில் இருந்தது தியேட்டரே அல்ல, ஒரு பெட்ரோல் நிலையம். ஹவாய்த் தீவுக் கிராமம் போல அலங்கரித்து, பெட்ரோல் பம்புகளைப் பனைமரம் போலச் செய்து, பக்கத்தில் ஓர் உணவகம் வைப்பது. வண்டிக்கு எண்ணெய் மாற்றும்வரை காத்திருப்பவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவது. யோசிக்க யோசிக்கப் பனைமரமும் பெட்ரோலும் உதிர்ந்தன. படம் மட்டும் மிஞ்சியது.

சோதனைகள் ரிவர்டன் என்ற சிற்றூரில் இருந்த அவருடைய வீட்டு வாசலிலேயே நடந்தன. மரங்களுக்கு இடையே ஒரு வெள்ளைத்துணியைக் கட்டினார். காரின் பானெட்டின் மேல் 1928ஆம் ஆண்டு கோடாக் புரொஜெக்டரை வைத்தார். துணிக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டி ஒலித்தது. கார்க் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்தார். மழை பெய்தால் படம் தெரியுமா? புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திருப்பிக் கண்ணாடிமேல் பீய்ச்சி அதையும் பார்த்தார். இவையெல்லாம் எளிதில் தீர்ந்தன. தீராதது ஒன்று இருந்தது. ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்தினால், பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்காரின் கூரை. முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்தச் சரிவில் நிறுத்தினால் முன்காரின் தலைக்கு மேலாகப் பார்வை போகிறது என்று அளந்தார். வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் அந்த அளவிலிருந்தே கிடைத்தது.

இந்தத் தீர்வுதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1932 ஆகஸ்டில் விண்ணப்பித்து, 1933 மே 16 அன்று அவர் பெற்ற 1,909,537ஆம் எண் காப்புரிமை, புரொஜெக்டரையோ திரையையோ ஒலிக்கருவியையோ பற்றியதல்ல. தரையைப் பற்றியது. திரையை நோக்கி வில்போல வளைந்த வரிசைகள்; ஒவ்வொரு வரிசையிலும் காரின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும்படி சரிவாகக் கொட்டிய மண்; இரண்டு வரிசைகளுக்கு நடுவே, மற்றவர்களை எழுப்பாமல் ஒரு கார் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி. நம் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்தவர்கள் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தார்களே, ஹாலிங்ஸ்ஹெட் செய்தது கிட்டத்தட்ட அதேதான். ஆளுக்குப் பதில் கார்; கைப்பிடி மணலுக்குப் பதில் லாரி லாரியாக மண். அவரோடு பணம் போட்டுச் சேர்ந்தவர்களும் சினிமாக்காரர்கள் அல்லர். ஒருவர் கார் நிறுத்துமிடங்களை நடத்திவந்த உறவினர், இன்னொருவர் சாலை போடும் கான்ட்ராக்டர். சினிமாத் தொழிலைத் தெரிந்தவர் எவரும் இல்லாமல், நிலத்தைத் தெரிந்தவர்களே அந்தத் தியேட்டரைக் கட்டினார்கள்.

காப்புரிமை கையில் வந்த மூன்றே வாரத்தில் திறப்புவிழா. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட்; எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் வாங்குவதில்லை. விளம்பரங்கள் படத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வசதியைப் பற்றிப் பேசின. நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். புகை பிடிக்கலாம், பேசலாம், சாப்பிடலாம். கைக்குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கமாட்டார்கள். படியேற முடியாத முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் காரைவிட்டு இறங்காமலே படம் பார்க்கலாம். நகரத்துத் தியேட்டரில் இருட்டும் இருக்கையும் அமைதியும் பலருக்கும் பொது. இங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டின் ஒரு துண்டை ஓட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. கூட்டமாக இருந்தும் கூட்டத்தோடு கலக்காத இந்தப் பார்வையாளரை, தொலைக்காட்சி வீடுகளுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மண்மேடு உருவாக்கிவிட்டது.

முதல் நாள் ஓடிய படம் ‘வைவ்ஸ் பிவேர்’. அடால்ஃப் மெஞ்சூ நடித்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். 1932இல் ‘டூ ஒயிட் ஆர்ம்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. புதுப்படம் அல்ல, பேர்போன படமும் அல்ல. அது அந்த இரவின் தற்செயலும் அல்ல. தியேட்டரின் நோய்க்கு முதல் அறிகுறி.

நோய் இரண்டு. ஒன்று ஒலி. உள்ளூர் நிறுவனமான ஆர்.சி.ஏ. விக்டர் பெரிய ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துத் தந்தது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் முதல் வரிசையின் காது அடைக்கும் அளவுக்கு வைத்தாக வேண்டும். அப்படி வைத்தாலும் ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 1,100 அடிதான் போகும். திரையில் நடிகரின் உதடு மூடிய பிறகே பின்வரிசைக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தது. சுவர் இல்லாத தியேட்டரில் சத்தம் எல்லை தெரியாமல் பரவி, டிக்கெட் வாங்காத சுற்றுவட்டாரத்துக்கும் வசனம் கேட்டது. ஒவ்வொரு காருக்குள்ளும் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியை ஆர்.சி.ஏ. 1941இல்தான் கொண்டுவந்தது, அது பரவலானது போருக்குப் பிறகு. அதற்குள் கேம்டன் தியேட்டரின் காலம் முடிந்திருந்தது.

இரண்டாவது நோய் பட வாடகை. அக்காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களே முக்கியத் தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தன. புதிய படம் முதலில் அவற்றுக்குப் போகும். பிறகு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று இறங்கும். வயல்வெளியில் திரை கட்டிய ஒருவரை அந்த வரிசையில் எங்கே வைப்பது என்று விநியோகஸ்தர்களுக்குத் தெரியவில்லை, வைக்க மனமும் இல்லை. முதல் படத்துக்கு நான்கு நாளைக்கு 400 டாலர் கொடுத்ததாகவும், அதற்கு முன் அதே படத்தை ஓட்டிய தெற்கு கேம்டனின் சிறு தியேட்டர் ஒரு வாரத்துக்கே 20 டாலர்தான் கொடுத்தது என்றும் ஹாலிங்ஸ்ஹெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வருமானமோ இயற்கை விட்ட அளவுதான். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாய இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகே திரையில் ஏதாவது தெரியும். பனிக்காலத்தில் அதுவும் இல்லை. கூடுதல் வாடகைக்கு எடுத்த பழைய படம், குறைந்த நேரம், குறைந்த மாதங்கள்: மூன்றும் சேர்ந்து கணக்கைக் கவிழ்த்தன. ஹாலிங்ஸ்ஹெட் கேம்டனை விட்டுவிட்டு, மாநிலத்தின் வடபகுதியில் யூனியன் என்ற ஊரில் இன்னொரு டிரைவ்-இன் நடத்திப் பார்த்தார்.

தியேட்டர் நட்டத்தில் போனாலும் காப்புரிமை கைகொடுக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ‘பார்க்-இன் தியேட்டர்ஸ்’ என்ற நிறுவனத்தின் பெயரில் மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வசூலிப்பது திட்டம். ஆனால் யோசனை உரிமத்தைவிட வேகமாகப் பரவியது. 1934 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டில் வில்சன் ஷாங்க்வைலர் என்ற விடுதிக்காரர் தன் நிலத்தில் ஒன்று திறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பிக்கோ டிரைவ்-இன் வந்தது. ஒரு மாலை கேம்டன் சாலையில் காரை நிறுத்திப் பார்த்தவருக்கு மொத்த ரகசியமும் புரிந்துவிடும். இயந்திரம் ஏதும் இல்லை, எல்லாம் வெட்டவெளியில் கிடந்த மண். சிலர் பணம் கட்டினார்கள், பலர் கட்டவில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் டிரைவ்-இன் நடத்திய லோஸ் நிறுவனத்தோடு மூண்ட தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. கீழ் நீதிமன்றம் காப்புரிமையை ஏற்றது. 1949இல் பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. மேடையைச் சுற்றி வளைவாக இருக்கைகளைப் போடுவதும், பின்வரிசைக்குத் தெரியும்படி தரையைச் சரிவாக்குவதும் காலங்காலமாக உள்ள வழக்கம். அதைக் காருக்கு ஏற்றபடி மாற்றியது திறமையான வேலைதான். ஆனால் காப்புரிமை தரும் அளவுக்குக் கண்டுபிடிப்பு அல்ல. உச்ச நீதிமன்றமும் வழக்கை விசாரணைக்கு எடுக்கவில்லை. சட்டப்படி இது சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு பழைய கிரேக்க அரங்கின் படிவரிசையையும் காரையும் சேர்த்துப் பார்க்க 1932வரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதும் உண்மை. எது எவருக்கும் தோன்றக்கூடியது என்பது, ஒருவருக்குத் தோன்றிய பிறகே மற்றவர்களுக்குத் தெரிகிறது. நிலத்தின் வடிவத்தை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று ஆனதில் ஹாலிங்ஸ்ஹெட்டுக்கு நட்டம். டிரைவ்-இன் தொழிலுக்கு லாபம்.

போர் முடிந்திருந்த நேரம் அது. ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு அரசு வீட்டுக் கடன் கிடைக்க வழிசெய்தது. நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் விரிந்தன. வீட்டுக்கு ஒரு கார், காருக்குள் இரண்டு மூன்று குழந்தைகள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் படத்துக்குப் போக வேண்டிய செலவு டிரைவ்-இன்னில் இல்லை. போருக்கு முன் சுமார் நூறாக இருந்த எண்ணிக்கை 1950களின் இறுதியில் நாலாயிரத்தைத் தாண்டியது. திரைக்குக் கீழே ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்து, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடும்பங்களை வரவழைத்தார்கள். லாபம் டிக்கெட்டில் அல்ல, நடுவில் இருந்த தின்பண்டக் கடையில் என்பது சீக்கிரமே தெளிவானது. நியூ ஜெர்சிக் கடற்கரையோரம் 1948இல் திறந்த ஒன்றில் கார்களோடு சிறு விமானங்களும் இறங்கிப் படம் பார்க்கலாம். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கோபேக் என்ற ஊரில் இருந்தது 28 ஏக்கரில் 2,500 கார்களைக் கொண்டது. பின்வரிசைக் கார்களில் இளசுகள் திரையைப் பார்ப்பதே இல்லை என்ற புகாரும், அந்தப் புகாராலேயே வந்த கூட்டமும் இந்தக் காலத்துக்கு உரியவை.

அந்த 28 ஏக்கரில்தான் சிக்கலும் இருந்தது. ஒரு நாற்காலிக்குத் தேவையான இடத்தோடு ஒப்பிட்டால், ஒரு காரும் அதன் மேடும் அது திரும்பும் வழியும் பிடிக்கும் இடம் பல மடங்கு. அந்த இடம் பகல் முழுக்கச் சும்மா கிடக்கும், பனிக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும். இரவில் ஒன்றோ இரண்டோ காட்சிகள். இப்படி நிலத்தை வீணாக்க, நிலம் மலிவாக இருக்க வேண்டும். கூட்டம் வர, பக்கத்தில் ஊர் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே, ஆனால் வெகு தூரத்தில் அல்ல என்ற இந்த விளிம்பு எங்கும் நிலையாக நிற்பதில்லை. டிரைவ்-இன்னுக்குப் பார்வையாளர்களை அனுப்பிய அதே புறநகர், சில ஆண்டுகளில் அதன் வேலிவரை வந்துவிடும். 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு விரைவுச்சாலைகள் அந்த வளர்ச்சியை இன்னும் தள்ளின. சாலைச் சந்திப்பில், சமமாகத் திருத்திய, ஒரே உரிமையாளரிடம் இருந்த பெரிய நிலம்: வணிக வளாகம் கட்ட இதைவிட வாட்டமான மனை இல்லை.

மற்ற அடிகள் அதன்மேல் விழுந்தவை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கத்தை நாடெங்கும் ஒரே சீராக்கியது. பல மாநிலங்களில் முதல் காட்சியே ஒன்பது மணிக்கு மேல் என்றானது. வீடியோ கேசட் வந்தபோது, சட்டை மாற்றாமல் குழந்தைகளோடு படம் பார்க்கும் வசதி வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அதாவது ஹாலிங்ஸ்ஹெட்டின் விளம்பரம் சொன்ன எல்லாமும். மிஞ்சியவர்களை 2010களில் டிஜிட்டல் புரொஜெக்டரின் விலை மிரட்டியது. ஒவ்வொன்றும் வருமானத்தைக் கொஞ்சம் குறைத்தது. மனை விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. மூடியவர்களில் பலர் நொடித்துப்போய் மூடவில்லை. நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கடல் கடந்தும் இதே வரிசைதான். சிங்கப்பூரின் ஒரே டிரைவ்-இன்னை கேத்தே நிறுவனம் 1971 ஜூலையில் ஜூரோங்கில் திறந்தது. 899 கார்களுக்கு இடம். தொழிற்பேட்டைக்காகத் திருத்தப்பட்டு, குடியிருப்புகள் இன்னும் நிரம்பாமல் இருந்த மேற்குப் பகுதி அது. 1985 செப்டம்பரில் அது மூடப்பட்டது. சென்னையிலும் டிரைவ்-இன் அமைந்த இடம், நகரம் அப்போதுதான் தெற்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஈஞ்சம்பாக்கம். தமிழ்ச் சினிமா ரசிகர்களுக்கு இந்த வகைத் தியேட்டரை அறிமுகப்படுத்திய ‘பிரார்த்தனா’ அங்கேதான் இருந்தது.

டிரைவ்-இன் பிறந்த நியூ ஜெர்சியில் கடைசியாக எஞ்சியிருந்தது 1991இல் ஹேஸ்லட்டில் மூடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் அந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. 2004இல் தென்பகுதியின் வைன்லாந்தில் டெல்சி டிரைவ்-இன் மீண்டும் திறந்தது. சுற்றிலும் காய்கறி விளையும் வட்டாரம், நகர விளிம்பு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஷாங்க்வைலரின் தியேட்டர் இன்றும் ஓடுகிறது. இருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். ஹாலிங்ஸ்ஹெட் 1975இல் இறந்தார். கேம்டனில் அவருடைய தியேட்டரின் தடயம் எதுவும் தரையில் இல்லை. அட்மிரல் வில்சன் பூல்வார்டு பின்னாளில் மலிவு விடுதிகளும் மதுக்கடைகளும் நிறைந்த சாலையாகி, 2000ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் குடியரசுக் கட்சியின் மாநாடு நடப்பதற்குச் சற்று முன் அவையும் இடித்து அகற்றப்பட்டன. அமெரிக்காவில் இப்போது எஞ்சியிருக்கும் டிரைவ்-இன்கள் சுமார் முந்நூறு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், மூடிய அரங்குகளுக்கு மாற்றாக அவற்றுக்குத் திடீர்க் கூட்டம் வந்தது. வணிக வளாகங்களின் கார் நிறுத்துமிடங்களிலும் தற்காலிகத் திரைகள் எழுந்தன. டிரைவ்-இன்களை விழுங்கிய அதே வளாகங்களின் தரையில் அவை சில மாதங்கள் நின்றன. அரங்குகள் திறந்ததும் அந்த நிலம் மறுபடி தன் வாடகைக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. இன்றும் ஓடுபவற்றில் பெரும்பாலானவை சிற்றூர்களில், உரிமையாளரின் சொந்த நிலத்தில், பக்கத்து மனைக்கு அவ்வளவாக விலை ஏறாத இடங்களில் இருக்கின்றன.